ஆறு வாரத்தோடு விட்டுவிடாதீர்கள்: தாய்மைக்கால மனநல ஆய்வுக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளின், பிள்ளை பெற்ற பெண்களின் மனநலத்தை ஆராயும் மனநல மருத்துவர்கள், மகப்பேறு மருத்துவர்கள், செவிலியர்கள், சமூகவியலாளர்கள், புள்ளியியலாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

நான் ஈரோடு மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரில் எல்லாருக்கும் நர்சம்மா. உங்களைப் போன்ற குழுக்கள் வரும்போது பதிவேட்டைத் திறந்து, எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்த வீட்டில் பச்சை உடம்புக்காரி என்று கூட்டிப்போய்க் காட்டுவது எங்களைப் போன்றவர்கள்தான். நீங்கள் கேள்வித்தாளோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டு நிற்பதும் நாங்கள்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

கேட்க வந்தது ஒன்றுதான். பிள்ளை பெற்றவளை ஆறாவது வாரத்தோடு விட்டுவிடாதீர்கள். குழந்தைக்கு ஒரு வயது நிறையும் வரை, அவள் எந்த வீட்டில் இருக்கிறாளோ அந்த வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

எங்கள் பக்கம் தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். வளைகாப்போ கட்டுச்சோறு விருந்தோ முடிந்ததும் பெண்ணை அழைத்துப் போவார்கள். பிறந்து மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையோடு புருஷன் வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவார்கள். இடைப்பட்ட காலத்தில் பெரும்பாலான பெண்களுக்கு அம்மா பக்கத்திலேயே இருப்பாள். குழந்தையைக் குளிப்பாட்டுவது, பத்தியச் சாப்பாடு செய்வது, ராத்திரி குழந்தை அழுதால் தூக்கி வைத்துக்கொள்வது எல்லாம் அவள் பொறுப்பு. நீங்கள் போய்க் கேள்வி கேட்கும் ஆறாவது வாரம் இந்தக் காலத்துக்குள்தான் வருகிறது. ஒரு பெண்ணுக்கு வாழ்நாளிலேயே அதிகக் கைத்தாங்கல் கிடைக்கும் நாட்கள் அவை. அந்த நாளில் கேட்டுவிட்டு, இவள் நன்றாக இருக்கிறாள் என்று எழுதிக்கொண்டு போனால் அந்தப் பதில் பொய் கிடையாது. ஆனால் அது பாதிக் கதை.

மீதிப் பாதி அவள் புருஷன் வீட்டுக்குத் திரும்பிய பிறகு தொடங்குகிறது. திரும்பி வந்த வீட்டில் அடுப்பு அவளுடையது, துணி அவளுடையது, ராத்திரி விழிப்பும் அவளுடையது. புருஷன் விசைத்தறிக்கோ பனியன் கம்பெனிக்கோ ஷிப்ட் போகிறவராக இருந்தால், குழந்தை அழுது அவர் தூக்கம் கெடாமல் பார்த்துக்கொள்ளும் கவலையும் சேர்ந்துகொள்ளும். அறுவை சிகிச்சை செய்த வயிறாக இருந்தால் குனிந்து நிமிர்வதே பாடு. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அதே ஆய்வில் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை. அந்த உடம்போடு அவள் இரண்டு குடம் தண்ணீர் தூக்கிக்கொண்டு வரும்போது, அந்த மாதங்களில் யாரும் கேள்வித்தாளோடு வருவதில்லை.

அப்புறம் வேலை. கம்பெனியில் முறையாகப் பதிவாகி இருப்பவர்களுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று 2017 முதல் சட்டம் இருக்கிறது. பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவளுக்கு நடைமுறையில் அது எட்டுவதில்லை. குழந்தைக்கு நாலு மாதம் ஆனதும் மாமியாரிடம் விட்டுவிட்டு மிஷினுக்குப் போகிறாள். பால் கட்டிக்கொண்டு வலிக்கிறது, பாத்ரூமில் பீய்ச்சிவிட்டு வந்து மறுபடி உட்காருகிறாள். இவர்களில் யாராவது என்னைத் தேடி வந்து "மனசு சரியில்லை" என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. "பால் பத்தலைங்க நர்சம்மா" என்பார்கள். "நெஞ்சு படபடங்குது", "தூக்கமே வர்றதில்லை", "குழந்தை என்கிட்ட ஒட்டவே மாட்டேங்குது" என்பார்கள். பால் பத்தவில்லை என்று வருகிறவளின் குழந்தையை எடை போட்டுப் பார்த்தால் எடை சரியாக ஏறியிருக்கும். அந்த இடத்தில்தான் நான் உட்கார்ந்து பேச ஆரம்பிப்பேன்.

தாய் வீடு எல்லாருக்கும் சொர்க்கம் என்றும் எழுதிவிடக் கூடாது. வேலூர் மாவட்டம் கணியம்பாடி வட்டாரத்தில் செய்து 2002இல் வெளியான ஆய்வை நீங்கள் எல்லாரும் படித்திருப்பீர்கள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் 359 பெண்களைச் சேர்த்து, பிரசவத்துக்குப் பின் 6 முதல் 12 வாரத்துக்குள் 301 பேரை மறுபடி பார்த்தார்கள். 11 சதவீதம் பேருக்குப் புதிதாக மனச்சோர்வு. வருமானக் குறைவு, ஆண் பிள்ளை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிள்ளை, மாமியாரோடு பிணக்கு, கர்ப்பக் காலத்தில் வந்த துயரங்கள், கூடமாட ஒத்தாசை செய்ய ஆள் இல்லாதது என்று காரணங்களைப் பட்டியலிட்டார்கள். அந்தப் பட்டியலில் சொந்தப் பெற்றோரோடு பிணக்கும் இருக்கிறது. காதல் கல்யாணம் செய்தவள், சீர் செய்ய முடியாத வீட்டுப் பெண், இரண்டாவதும் பெண் என்று அம்மா முகமே வாடிப்போன வீடு, இவையெல்லாம் நான் பார்த்தவை. ஆனால் அந்தப் பெண்களையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனால் எந்த வீட்டில் எது அவளை அமுக்கியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டு வீட்டிலும் பார்த்தால்தான் தெரியும்.

கோவாவில் 2002இல் வந்த இன்னொரு ஆய்வில், ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் 23 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஆறாவது மாதத்திலும் மீளவில்லை. 2017இல் இந்தியா முழுவதிலுமிருந்து 38 ஆய்வுகளைத் தொகுத்தபோது சராசரி 22 சதவீதம் என்று வந்தது. பிள்ளை பெற்றவளுக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று கண்டறியும் எடின்பரோ அளவுகோலின் பத்துக் கேள்விகளும் தமிழில் சோதிக்கப்பட்டு 2005 முதல் கையில் இருக்கின்றன. சரி, நோய் இருக்கிறது, அதை அளக்கக் கருவியும் இருக்கிறது. இன்னொரு ஊரில் இன்னொரு சதவீதம் கண்டுபிடிப்பதற்காக மட்டும் ஒரு பெண்ணின் ஒரு மணி நேரத்தை வாங்காதீர்கள். அவளுக்கு அந்த ஒரு மணி நேரம் குழந்தை தூங்கும் நேரம், அவளும் தூங்கியிருக்க வேண்டிய நேரம்.

எங்கள் துறையும் இதே ஆறு வாரத்தில்தான் கதவைச் சாத்துகிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். பிரசவத்துக்குப் பின் 42ஆம் நாள் வரை தாயைப் பார்க்கிறோம். அதற்கு மேல் குழந்தைக்குத்தான் எடை, தடுப்பூசி எல்லாம். மகப்பேறு மரணம் என்று கணக்கெடுப்பதும் 42 நாளுக்குள் நடந்தால்தான். ஒரு வருடத்துக்குள் எந்தத் தாய் இறந்தாலும் விசாரித்து எழுதும் பழக்கம் பிரிட்டனில் இருக்கிறது. அங்கே ஆறு வாரத்துக்கும் ஒரு வருடத்துக்கும் இடையில் நேரடிக் காரணங்களால் இறக்கும் தாய்மார்களில் முதல் காரணம் தற்கொலை என்று அறிக்கைகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. நாம் கண்ணை மூடிக்கொள்ளும் காலம் அது. கர்ப்ப, பேறுகாலத் தற்கொலையை மகப்பேற்றின் நேரடிக் காரண மரணமாகவே சேர்க்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2012இல் வழிகாட்டுதல் கொடுத்தது.

நம் ஊரில் என்ன நடக்கிறது? கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் இறந்த பெண் என்றால் கோட்டாட்சியர் விசாரணை. வரதட்சணைக் கொடுமை இருந்ததா என்று இரண்டு வீட்டாரையும் கேட்கிறார்கள். கேட்கவேண்டியதுதான், அந்த விசாரணை இல்லாவிட்டால் எத்தனையோ அநியாயம் மறைந்து போகும். ஆனால் கைக்குழந்தைக்கு என்ன வயது, பிரசவத்துக்குப் பிறகு இவள் தூங்கினாளா, சாப்பிட்டாளா, முன்பு எப்போதாவது மருந்து சாப்பிட்டாளா என்று கேட்க அங்கே யாரும் இல்லை. பத்திரிகையில் தீராத வயிற்று வலி என்று ஒரு வரி வரும். எங்கள் மகப்பேறு மரணப் பதிவேட்டில் அதுகூட வராது, ஏனென்றால் அவள் இறந்தது ஏழாம் மாதத்தில். உங்கள் குழுவில் சட்டம் தெரிந்தவர் ஒருவரைச் சேர்த்து, இந்த விசாரணைக் கோப்புகளில் குழந்தையின் வயதையும் ஒரு கேள்வியாக வைக்கச் சொல்லி அரசிடம் கேளுங்கள். பல துறையினர் சேர்ந்த குழு என்றால் இப்படிப்பட்ட காரியத்துக்குத்தான் என்று நான் நினைக்கிறேன். மருத்துவர் மட்டும் கேட்டால் அது மருத்துவமனை வாசலோடு நின்றுவிடும்.

இனி, எப்படிக் கேட்பது என்று கொஞ்சம். புருஷன் வீட்டில் நீங்கள் உட்கார்ந்ததும் மாமியார் நிலைப்படியில் வந்து நிற்பார். அவர் கெட்டவர் என்பதால் நிற்பதில்லை. வெளியாள் மருமகளிடம் என்ன கேட்கிறார் என்று தெரியவேண்டாமா? அந்த நிலையில் "கடந்த ஏழு நாட்களில் காரணமில்லாமல் கவலைப்பட்டீர்களா" என்று கேட்டால் ஒரே பதில்தான், "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க." அந்தப் பதிலை எண்ணாக மாற்றிக் கூட்டிப் பெருக்கி என்ன பயன்? நான் மாமியாரிடம் குழந்தையைக் கொடுத்து "அத்தை, எண்ணெய் தேச்சு விடுங்க, நீங்கதான் பக்குவமாச் செய்வீங்க" என்று சொல்லிவிட்டு, பெண்ணோடு துணி துவைக்கும் கல் பக்கம் போய்விடுவேன். தண்ணீர்ச் சத்தத்தில் அவள் பேசுவாள். உங்கள் பயிற்சிக் கையேட்டில் இந்த மாதிரி விஷயங்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

மாமியாரையும் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். உங்கள் அட்டவணையில் அவர் ஆபத்துக் காரணியாக மட்டும் வருகிறார். அவரும் பிள்ளை பெற்றவர். "எனக்கும் ரெண்டாவது பொறந்தப்ப அப்படித்தான் இருந்துச்சு, கிணத்து மேட்டுல போய் உக்காந்திருப்பேன், யாருகிட்ட சொல்றது" என்று ஒரு அம்மா என்னிடம் சொன்னார். சொன்ன நாளிலிருந்து மருமகளுக்கு ராத்திரி ஒரு பொழுது குழந்தையை அவர் வாங்கிக்கொண்டார். எந்த மாத்திரையும் எழுதாமல் நடந்த மாற்றம் அது. புருஷன்மாரையும் பாருங்கள், அவர்களை வீட்டில் பிடிக்க வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமைதான் போகவேண்டும்.

ஒரு கூட்டத்துப் பெண்களை உங்கள் ஆய்வுகள் எளிதாகத் தவறவிடும். கல்யாணத்துக்கு முன்பே மனநோய்க்கு மாத்திரை சாப்பிட்டு நன்றாக இருந்தவர்கள். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று கல்யாணத்தோடு மாத்திரையை நிறுத்தியிருப்பார்கள். அல்லது கர்ப்பம் என்றதும், குழந்தைக்கு ஆகாது என்று யாரோ சொல்ல, ஒரே நாளில் நிறுத்தியிருப்பார்கள். வலிப்புக்கும் மனநோய்க்கும் கொடுக்கும் வால்ப்ரோயேட் போன்ற மருந்துகள் கருவுக்கு ஆபத்தானவை, மாற்றித்தான் ஆகவேண்டும். ஆனால் மருத்துவர் மாற்றிக் கொடுப்பது வேறு, தானாக நிறுத்துவது வேறு. பிரசவமாகி இரண்டு வாரத்துக்குள் தூக்கம் முற்றிலும் போய், பேச்சு குழம்பி, குழந்தையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று சொல்ல ஆரம்பித்தால் அது ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டுக்கு வரும் மனநோய், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகவேண்டிய அவசரம். அளவு மீறிய உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு ஏற்கனவே உள்ள பெண்களுக்கு இந்த ஆபத்து பல மடங்கு. வீட்டில் ஜன்னி என்பார்கள், காற்று கருப்பு என்பார்கள், தாயத்து கட்ட நாலு நாள் ஓடிவிடும். பெண்ணின் அம்மாவுக்கு மட்டும் உண்மை தெரியும். அவர் என் காதோடு சொன்ன பிறகுதான் எனக்கே தெரியவந்தது, அதுவும் சம்பந்தி வீட்டார் வெளியே போன நேரத்தில். கர்ப்பம் பதிவு செய்யும் முதல் நாளிலேயே, கணவனும் மாமியாரும் இல்லாத இடத்தில், முன்பு மருந்து சாப்பிட்டதுண்டா என்று கேட்கும் வழியை எப்படி அமைப்பது? அந்தப் பதிலை யார் கண்ணிலும் படாமல் எங்கே எழுதி வைப்பது? இதற்கு விடை கண்டுபிடித்துச் சொன்னால் எங்கள் செவிலியர்கள் உங்களை மறக்கமாட்டார்கள்.

அப்படிப்பட்ட தாயைச் சேர்க்கும்போது குழந்தையைப் பிரிக்கக்கூடாது என்பதும் சட்டத்தில் இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக்கூடாது என்கிறது. பெங்களூரில் உள்ள தேசிய மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் தாயையும் சேயையும் சேர்த்து வைத்துப் பார்க்கும் பிரிவு 2009 முதல் இயங்குகிறது. எங்கள் ஊரிலிருந்து பெங்களூருக்கு ஒரு குடும்பம் போய் வருவதென்றால் தறி ஓட்டுகிறவருக்கு எத்தனை நாள் கூலி போகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இரண்டு படுக்கைகளை இப்படி ஒதுக்க என்ன செலவு, எத்தனை ஆள் வேண்டும் என்று ஒரு ஆய்வு செய்யுங்கள். அந்த ஒரு கணக்கு, சதவீதம் சொல்லும் பத்துக் கட்டுரைகளைவிட எங்களுக்கு உபயோகம்.

யார் வந்து பேசுவது என்ற கேள்விக்கு ஒரு நல்ல பதில் பாகிஸ்தானில் ராவல்பிண்டிப் பக்கத்துக் கிராமங்களில் கிடைத்திருக்கிறது. பள்ளிப் படிப்பு முடித்த, மனநலப் பயிற்சி முன்பு இல்லாத சுகாதாரப் பணிப் பெண்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வு இருந்த பெண்களிடம் கர்ப்பத்தின் கடைசி மாதத்திலிருந்து குழந்தைக்குப் பத்து மாதம் ஆகும் வரை 16 முறை வீட்டுக்குப் போய்ப் பேசவைத்தார்கள். மருத்துவர் ஆத்திஃப் ரஹ்மான் குழுவினர் 2008இல் வெளியிட்ட முடிவின்படி, ஆறாவது மாதத்தில் மனச்சோர்வு நீடித்தவர்கள் இந்தப் பேச்சு கிடைத்தவர்களில் 23 சதவீதம், கிடைக்காதவர்களில் 53 சதவீதம். ஒரு வருடம் ஆனபோதும் அந்த வித்தியாசம் நின்றது. பேச்சு ஆறாவது வாரத்தோடு முடியாமல் பத்தாம் மாதம் வரை போனது என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் இதைப் படித்துவிட்டு நேராக எங்கள் தலையில் கட்டிவிடவும் வேண்டாம். இன்றைய கிராம சுகாதார செவிலியர் ஒருவருக்கு கர்ப்பிணிப் பதிவு, கர்ப்பிணிக்கு அரசு கொடுக்கும் பிக்மி எண், தடுப்பூசி, சர்க்கரை, ரத்த அழுத்தம், கூட்டம், அறிக்கை என்று கையில் இருப்பதே வழிகிறது. இன்னொரு படிவம் கொடுத்தால் நிரப்பித் தருவார்கள், கேட்காமலே நிரப்பியதும் அதில் இருக்கும். ஒரு படிவத்தைச் சேர்ப்பதற்கு முன் எதை எடுக்கலாம் என்று சுகாதாரத் துறையோடு உட்கார்ந்து பேசுங்கள். செவிலியரைத் தகவல் சேகரிப்பவராக இல்லாமல் குழு உறுப்பினராக, நேரமும் ஊதியமும் கொடுத்துச் சேருங்கள். கேள்விகளை எழுதும் முன்பே கூப்பிடுங்கள்.

இடமும் நேரமும் புதிதாகத் தேடவேண்டியதில்லை. ஒன்பதாம் மாதம் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசிக்குப் புதன்கிழமை அன்று ஏறக்குறைய எல்லாத் தாயும் வருவாள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியின் கடைசித் தவணையும் அந்த ஊசியோடு சேர்ந்தது என்பதால் விடமாட்டாள். அதற்குள் பெரும்பாலும் புருஷன் வீட்டுக்கு வந்திருப்பாள், வேலைக்கும் திரும்பியிருப்பாள். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் குழந்தையோடு உட்காரவேண்டும் என்பது விதி. அந்த அரை மணி நேரத்தில் யாரும் அவளிடம் எதுவும் கேட்பதில்லை. உங்கள் ஆய்வின் இரண்டாவது சந்திப்பை அங்கே வையுங்கள். எங்கள் பதிவேட்டில் ஒரு பெண் காணாமல் போனால் அவள் அடுத்த வீட்டுக்குப் போயிருப்பாள் என்றுதான் முதலில் நினைப்போம். தாய் வீட்டு ஊர், புருஷன் வீட்டு ஊர் இரண்டையும், இரண்டு செவிலியர்களின் பெயரையும் முதல் நாளே எழுதி வாங்கிக்கொண்டால் உங்களுக்கும் ஆள் விடுபடாது.

கடைசியாக ஒன்று, இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. எடின்பரோ அளவுகோலின் பத்தாவது கேள்வி, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதற்கு ஒரு பெண் ஆம் என்று சொன்னால், அன்று சாயங்காலத்துக்குள் அவளை யார் பார்ப்பார், எந்த மருத்துவமனையில், யார் வண்டியில், குழந்தை யாரிடம் இருக்கும் என்பது முதல் கேள்வித்தாள் அச்சாகும் முன்பே முடிவாகி இருக்கவேண்டும். 14416 என்ற மனநல உதவி எண் இருக்கிறது, அதைச் சொல்லிக் கொடுங்கள். ஆனால் எண் எழுதிய துண்டுச் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்புவது பதில் ஆகாது. சில பெண்களிடம் சொந்தமாக போன் கிடையாது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்தக் கிழமை எந்த ஊருக்கு வருகிறார் என்பது உங்கள் களப் பணியாளர் ஒவ்வொருவருக்கும் மனப்பாடமாகத் தெரிந்திருக்கவேண்டும். இந்த ஏற்பாடு இல்லாத குழுவை எங்கள் ஊர் வீடுகளுக்குக் கூட்டிப்போக வேண்டாம் என்று வேலையில் இருக்கும் தங்கைகளிடம் சொல்லி வருகிறேன். ஏற்பாட்டோடு வருகிற குழுவுக்கு எந்த வீட்டையும் நானே வந்து காட்டத் தயார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர்,
ஈரோடு மாவட்டம்